உட்பொதிந்த சர்வரும் அதை மாற்றும் முறையும்

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் சிறு சதுரக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் யாவரும் அறிவர். கைப்பேசியை அக்குறியீட்டின் நேரே பிடித்தால், அப்பாடத்துக்குரிய காணொளியோ பயிற்சியோ திரையில் தோன்றும். இவ்வசதிக்குத் துணைநின்ற 'தீக்ஷா' என்னும் தேசியத் தளம், 2017-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பெற்றது. அதன் அடித்தளமாகிய 'சன்பேர்ட்' என்னும் மென்பொருள், பெங்களூருவிலுள்ள ஏக்ஸ்டெப் அறக்கட்டளையில் உருவாயிற்று.

அதே நகரில் 2003-ஆம் ஆண்டு தோன்றிய இ-கவர்ன்மென்ட்ஸ் அறக்கட்டளை, சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பொதுமக்கள் புகார் முதலிய நகராட்சிப் பணிகளுக்காக 'டிஜிட்' என்னும் தொகுப்பை அமைத்தது. பெங்களூருவின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-ஆம் ஆண்டு தொடங்கிய 'மோசிப்' என்னும் திட்டமோ கடல் கடந்து சென்று, பிலிப்பைன்ஸ், மொராக்கோ முதலிய நாடுகளின் அடையாளப் பதிவுக்குப் பயன்பட்டது.

இம்மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றின் பின்னணியில் இயங்கும் சேவைகளில் பல, ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கும் சர்வரைத் தமக்குள்ளேயே கொண்டவை. இத்தகைய சர்வரை 'உட்பொதிந்த சர்வர்' என்று கூறுவர். சில சமயங்களில் இதனை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்த வேண்டியதாகிறது. அவ்வாறு மாற்றுவது எங்ஙனம், மாற்றும்போது எதைக் காக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சர்வரின் பணி

தாலுகா அலுவலகத்தின் ஜன்னலருகே அமர்ந்திருக்கும் எழுத்தரை நினைத்துக்கொள்வோம். அவர் மனுவை வாங்குகிறார். அது முறைப்படி எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கிறார். உள்ளே உரிய பிரிவுக்கு அனுப்புகிறார். பிரிவிலிருந்து வரும் பதிலை மனுதாரரிடம் கொடுக்கிறார். மனுவின்மீது முடிவெடுப்பது அவர் வேலையன்று. வலைச் சேவையில் சர்வர் செய்யும் பணியும் இதுவே. முடிவெடுக்கும் பிரிவு என்பது நாம் எழுதும் நிரல்.

முன்னாளில் எழுத்தருக்கெனத் தனி அறை இருந்தது. அதாவது, கணிப்பொறியில் முதலில் சர்வரை நிறுவுவார்கள். பிறகு நிரல்களை ஒவ்வொன்றாக அதனுள் வைப்பார்கள். ஒரே சர்வர் பத்து நிரல்களுக்குப் பொதுவாக இருக்கும். சர்வரில் ஒரு குறை காணப்பட்டால், கணிப்பொறி நிர்வாகி அதை ஒருமுறை திருத்தினால் போதும். பத்து நிரல்களும் பயன்பெறும். ஆனால் இம்முறையில் ஓர் இடையூறும் இருந்தது. நிரலை எழுதுவோர் தம் மேசையில் வைத்துச் சோதித்த சர்வர் ஒரு பதிப்பாகவும், நிலையத்தில் இயங்கும் சர்வர் மற்றொரு பதிப்பாகவும் இருந்துவிடும். அங்கே சரியாக நடந்தது இங்கே நடவாமற் போகும்.

இவ்விடையூற்றை நீக்க, சர்வரை நிரலோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டும் வழக்கம் வளர்ந்தது. 2014 ஏப்ரலில் முதற் பதிப்பாக வெளிவந்த 'ஸ்பிரிங் பூட்' என்னும் சட்டகம் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பிற்று. நிரலை எழுதியவர் மேசையில் எந்தச் சர்வர் இயங்கியதோ, அதுவே நிலையத்திலும் இயங்குகிறது. எனினும், ஒரு பொறுப்பு இடம் மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு நிர்வாகியின் கடமையாக இருந்த சர்வர்ப் பராமரிப்பு, இப்போது ஒவ்வொரு நிரலையும் எழுதுவோரின் கடமையாகிவிட்டது. ஐம்பது சேவைகளைக் கொண்ட திட்டத்தில் ஐம்பது சர்வர்கள் இருக்கின்றன; ஐம்பதையும் திருத்த வேண்டும்.

மூன்று சர்வர்களும் ஒரு பொது விதியும்

ஜாவா உலகில் உட்பொதிந்த சர்வர்களாக மூன்று பெயர் பெற்றன. அவற்றுள் மூத்தது 'ஜெட்டி'. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரெக் வில்கின்ஸ் 1995-ஆம் ஆண்டு இதனை எழுதத் தொடங்கினார். 2009-ஆம் ஆண்டு இது எக்லிப்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது. இரண்டாவது 'டாம்கேட்'. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய நிரலிலிருந்து பிறந்த இது, 1999-ஆம் ஆண்டு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. ஸ்பிரிங் பூட்டில் வேறொன்றையும் நாம் குறிப்பிடாவிடில் அமைவது இதுவே. மூன்றாவது, ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் தோன்றிய 'அண்டர்டோ'. 2014-ஆம் ஆண்டு வெளிவந்த வைல்டுஃபிளை எட்டாம் பதிப்பில் இது இடம்பெற்றது.

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்ட இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த முடிவதற்குக் காரணம் என்ன? வயலில் நீரிறைக்கும் பம்பை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் எஞ்சினால் ஓடிய பம்பை மின்சார மோட்டாரால் ஓட்ட விரும்பினால், பம்பைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. இரண்டையும் இணைக்கும் தண்டின் விட்டமும், சுழலும் வேகமும், சுழலும் திசையும் பொருந்தினால் போதும். அந்த அளவுகளே பம்புக்கும் அதை ஓட்டும் யந்திரத்துக்கும் இடையிலுள்ள ஒப்பந்தம்.

ஜாவாவில் அத்தகைய ஒப்பந்தத்துக்கு 'சர்வ்லெட்' என்று பெயர். கோரிக்கை எந்த வடிவில் நிரலிடம் கொடுக்கப்படும், விடை எந்த வடிவில் வாங்கப்படும், ஒரே பயனரின் அடுத்தடுத்த கோரிக்கைகள் எவ்வாறு அடையாளம் காணப்படும் என்பவற்றையெல்லாம் அவ்விதி வரையறுக்கிறது. மூன்று சர்வர்களும் அவ்விதிக்கு இணங்க எழுதப்பட்டவை. நிரலும் அவ்விதியை மட்டுமே நம்பி எழுதப்பட்டிருந்தால், எந்தச் சர்வரோடும் அது இயங்கும்.

மாற்றம் கட்டாயமாகும் தருணங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். பல சமயங்களில் மாற்றம் விருப்பத்தால் நிகழ்வதன்று, நிர்ப்பந்தத்தால் நிகழ்வது. அண்மைக்கால வரலாற்றில் இதற்கு மூன்று சான்றுகள் உள்ளன.

முதலாவது, ஒப்பந்தமே மாறியது. 2017-ஆம் ஆண்டு ஆரக்கிள் நிறுவனம், சர்வ்லெட் உள்ளிட்ட நிறுவனப் பயன்பாட்டு ஜாவாவின் விதிகளை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆனால் வணிகப் பெயர் உரிமை காரணமாக, 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பழைய பெயர்களின்கீழ் விதிகளை மேலும் வளர்க்க இயலவில்லை. ஆகவே 2020-ஆம் ஆண்டு அப்பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாற்றப்பட்டன. பெயர்தானே என்று எண்ணலாகாது. பழைய பெயரில் எழுதிய நிரல், புதிய பெயரை எதிர்பார்க்கும் சர்வரில் இயங்காது. டாம்கேட் பத்தாம் பதிப்பும், 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் மூன்றாம் பதிப்பும் புதிய பெயரையே ஏற்றன.

இரண்டாவது, சர்வர் பின்தங்கியது. 2025 நவம்பரில் வெளிவந்த ஸ்பிரிங் பூட் நான்காம் பதிப்பு, சர்வ்லெட் விதியின் 6.1-ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. டாம்கேட்டும் ஜெட்டியும் அதற்கு இணங்க முன்னரே வளர்ந்திருந்தன. அண்டர்டோ அப்போது அவ்விதிக்கு இணங்கவில்லை. ஆதலின் அதற்கான ஆதரவு அப்பதிப்பில் நீக்கப்பட்டது. அண்டர்டோவை நம்பியிருந்த சேவைகள் புதிய பதிப்புக்குச் செல்ல விரும்பினால் சர்வரை மாற்றியே ஆக வேண்டும் என்றாயிற்று.

மூன்றாவது, உரிமம் மாறியது. சன்பேர்டின் பின்னணிச் சேவைகள் 'பிளே' என்னும் சட்டகத்தின்மேல் எழுந்தவை. பிளே, சர்வ்லெட் விதியைப் பின்பற்றுவதன்று. தனக்கெனத் தனி ஒப்பந்தம் உடையது. அதில் முன்பு 'நெட்டி' என்பது சர்வராக இருந்தது. 2017-ஆம் ஆண்டு வந்த 2.6-ஆம் பதிப்பு முதல் 'அக்கா' என்பதன் சர்வர் இயல்பாக அமைந்தது. (தமிழில் மூத்த சகோதரியை நினைவூட்டும் இப்பெயர், சுவீடன் நாட்டு மலை ஒன்றின் பெயராகும்.) அக்கா அதுவரை யாவர்க்கும் இலவசமாக இருந்தது. 2022 செப்டம்பரில், அப்போது லைட்பெண்ட் என வழங்கிய அதன் நிறுவனம், இனி வரும் பதிப்புகளைப் பெரிய வருவாயுள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்தியே பயன்படுத்தலாம் என அறிவித்தது. அக்காவின் பழைய இலவசப் பதிப்பிலிருந்து கிளையாகப் பிரிந்து, அப்பாச்சி அறக்கட்டளையில் 'பெக்கோ' தோன்றியது. அதன் முதற் பதிப்பு 2023 ஜூலையில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த பிளே மூன்றாம் பதிப்பு, அக்காவை விடுத்துப் பெக்கோவை ஏற்றது.

இங்கு ஒரு பாடம் உண்டு. பிளேயில் சர்வரை மட்டும் நெட்டிக்கு மாற்றும் வழி முன்னரே இருந்தது. ஆனால் அது போதவில்லை. ஏனெனில் அக்கா, சர்வராக மட்டுமன்றி, சட்டகத்தின் உள்ளமைப்பிலும் கலந்திருந்தது. எஞ்சினை மாற்றலாம், ஆனால் அதன் உதிரிப் பாகங்கள் பம்புக்குள்ளேயே இருக்குமாயின், பம்பையும் பிரிக்க வேண்டும். ஒரு பொருளை எங்கெங்கே நம்பியிருக்கிறோம் என்பதை முன்னரே அறிந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது.

மாற்றும் முறை

ஸ்பிரிங் பூட்டில் சர்வரை மாற்றுவது, செயலளவில், மிக எளிது. ஒவ்வொரு ஜாவாத் திட்டத்திலும் 'இந்நிரலுக்கு இன்னின்ன துணைப் பொதிகள் தேவை' என்று குறிக்கும் பட்டியல் ஒன்று இருக்கும். மேவன் அல்லது கிரேடில் என்னும் கருவி அப்பட்டியலைப் படித்து, பொதிகளைக் கொணர்ந்து சேர்க்கிறது. வலைச் சேவைக்குரிய தொடக்கப் பொதியைக் கேட்டால், அதனுடன் டாம்கேட் பொதியும் தானே வந்து சேரும். ஆகவே, முதலில் அத்தொடக்கப் பொதியின்கீழ் 'டாம்கேட் வேண்டா' என்று விலக்க வேண்டும். பிறகு 'ஜெட்டி வேண்டும்' என்று தனியே சேர்க்க வேண்டும். சில வரிகளில் வேலை முடிந்துவிடும்.

இரண்டு படிகளும் அவசியம். ஜெட்டியைச் சேர்த்துவிட்டு டாம்கேட்டை விலக்க மறந்தால், இரண்டும் உள்ளே இருக்கும். ஆனால் பழைய டாம்கேட்டே இயங்கும். மாற்றிவிட்டோம் என்று எண்ணியிருப்போர் மாறாத சர்வரையே சோதித்துக்கொண்டிருப்பர். வேறொரு பொதியின் வழியாகவும் டாம்கேட் மறைமுகமாக வந்துவிடலாம். எனவே பொதிகளின் முழுக் கிளைப்பட்டியலை ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது நன்று. நிரல் தொடங்கும்போது எந்தச் சர்வர் எந்த வாயிலில் இயங்கத் தொடங்கிற்று என்பது குறிப்பேட்டில் ஒரு வரியாகப் பதிவாகும். வாயில் எண் வழக்கமாக 8080. அவ்வரியில் ஜெட்டியின் பெயர் இருந்தால்தான் மாற்றம் நிகழ்ந்தது என்று பொருள்.

மாற்றிய பிறகும் டாம்கேட் என்னும் பெயருடைய சிறு பொதியொன்று பட்டியலில் எஞ்சியிருக்கக் காணலாம். அதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. படிவங்களில் நிரப்பிய விவரங்களைச் சரிபார்க்கும் பகுதிக்கு வேண்டிய 'கோவை மொழி' என்னும் துணைக்கருவியை டாம்கேட் குழுவினர் தனிப் பொதியாக அளித்துள்ளனர். ஜெட்டியின் தொடக்கப் பொதியும் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. அது சர்வர் அன்று.

விதியில் இல்லாதவை

மாற்றுவது எளிது என்றோம். ஆனால் சர்வ்லெட் விதி எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிப்பது, எவ்வளவு பெரிய படிவத்தை ஏற்பது, பணி முடிக்கும்போது எவ்வாறு கதவை அடைப்பது ஆகியவற்றை ஒவ்வொரு சர்வரும் தன் வழக்கப்படி செய்கிறது. தொல்லை தோன்றுவது இங்கேதான்.

முதலில் இழைகளின் எண்ணிக்கையைக் காண்போம். கோரிக்கையைக் கவனிக்கும் ஒவ்வொரு பணியாளையும் 'இழை' என்பர். டாம்கேட்டிலும் ஜெட்டியிலும் நாம் வேறு கூறாவிடில் இழைகளின் உச்சவரம்பு 200. ஒரு கோரிக்கைக்கு, தரவுத்தளத்தின் விடைக்குக் காத்திருப்பதும் சேர்த்து, அரை விநாடி ஆவதாகக் கொண்டால், ஓர் இழை விநாடிக்கு இரண்டு கோரிக்கைகளை முடிக்கும். 200 இழைகள் 400 கோரிக்கைகளை முடிக்கும். அண்டர்டோவின் கணக்கு வேறு. செயலி ஒன்றுக்கு ஒரு வரவேற்பு இழையும், அதைப்போல் எட்டு மடங்கு பணி இழைகளும் அமைவது அதன் இயல்பு. நான்கு செயலிகளுள்ள கணிப்பொறியில் பணி இழைகள் 32. அதே நிரல், அதே தரவுத்தளம், அதே அரை விநாடி. ஆயினும் விநாடிக்கு 64 கோரிக்கைகளே முடியும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சேவை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தேர்வு முடிவு வெளியாகும் காலையில்தான் இது வெளிப்படும்.

இதற்குப் பரிகாரம், எண்ணிக்கையை நாமே எழுதி வைப்பது. ஆனால் டாம்கேட்டுக்கென எழுதிய அமைப்பு வரிகளை ஜெட்டி படிப்பதில்லை. அவை பிழை என்று சுட்டப்படாமலே புறக்கணிக்கப்படும். எனவே அமைப்புக் கோப்பில் பழைய சர்வரின் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் தேடி, புதிய சர்வரின் பெயரில் மீண்டும் எழுத வேண்டும்.

பழைய திட்டங்களில் வலைப்பக்கங்களை வரைய ஜே.எஸ்.பி. என்னும் முறை பயன்பட்டது. அண்டர்டோ அதனை ஆதரிப்பதே இல்லை. டாம்கேட்டும் ஜெட்டியும் கோப்பு ஒரு குறிப்பிட்ட வடிவில் கட்டப்பட்டால் மட்டுமே ஆதரிக்கும். நிறுத்தும் முறையிலும் வேறுபாடு உண்டு. நடந்துகொண்டிருக்கும் பணிகளை முடித்துவிட்டு நிற்கும்படி ஆணையிட்டால், டாம்கேட்டும் ஜெட்டியும் புதிய இணைப்புகளையே ஏற்பதில்லை. அண்டர்டோ இணைப்பை ஏற்று, 'சேவை இல்லை' என்னும் 503 என்ற எண்ணை உடனே விடையாகத் தரும். முன்னால் நின்று கோரிக்கைகளைப் பங்கிடும் கருவி எந்த விடையை எதிர்பார்க்கிறது என்பதைப் பொறுத்து இதன் விளைவு அமையும்.

தமிழ்ப் படிவமும் அளவு வரம்பும்

நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது படிவத்தின் அளவு வரம்பு. ஸ்பிரிங் பூட்டின் இயல்பான அமைப்பில், சாதாரணப் படிவம் ஒன்றின் அளவுக்கு டாம்கேட்டில் 2 மெகாபைட் வரை இடமுண்டு. ஜெட்டியில் 2,00,000 பைட்டுகளே உண்டு. அதாவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு.

ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இரண்டு லட்சம் பைட்டுகள் தாராளமானவை. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ் அவ்வாறன்று. யூனிகோட் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாக எழுதப்படுகிறது. சாதாரணப் படிவம் அனுப்பப்படும்போது அந்தப் பைட்டு ஒவ்வொன்றும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிக்கப்படும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு 9 பைட்டுகள். 'க' என்பது ஒரு குறி. 'கி' என்பதோ மெய்யுருவும் உயிர்க் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். அதற்கு 18 பைட்டுகள். இக்கணக்குப்படி ஜெட்டியின் வரம்புக்குள் ஏறக்குறைய 22,000 தமிழ்க் குறிகளே அடங்கும். டாம்கேட்டிலோ 2,33,000 குறிகள் அடங்கும்.

கிராமத்தின் மண் ஆய்வு, பயிர் நிலை, நீர்நிலைகள் ஆகியவற்றை நீண்ட அறிக்கையாகத் தமிழில் எழுதி ஒரே படிவத்தில் அனுப்பும் களப்பணியாளரை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை சென்ற அறிக்கை, சர்வர் மாறிய மறுநாள் ஏற்கப்படாமற் போகலாம். அதே அளவு ஆங்கில அறிக்கை தடையின்றிச் செல்லும். மாற்றத்தை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்க்கு இக்குறை கண்ணில் படவே படாது. கோப்புகளை இணைத்து அனுப்பும் பல்பகுதிப் படிவங்களில் இவ்விரிவு நேர்வதில்லை. அவற்றுக்கு வேறு வரம்புகள் உண்டு. சாதாரணப் படிவத்துக்கு, வரம்பை உயர்த்தி அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் குறை நீங்கும். ஆனால் எழுத வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முகவரி வரியில் வரும் தமிழும் இத்தகையதே. 'ஊரின் பெயரால் தேடு' என்னும் வசதியில், ஊர்ப்பெயர் முகவரியின் பகுதியாகச் செல்லும். டாம்கேட் ஏழாம் பதிப்புவரை, முகவரியில் உள்ள எழுத்துகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய முறையிலேயே படித்து வந்தது. அதனால் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாகச் சிதைந்தன. எட்டாம் பதிப்பிலிருந்துதான் யூ.டி.எஃப்-8 முறை இயல்பாயிற்று. இன்றும், விரிக்கப்படாத தமிழ் எழுத்தை முகவரியில் நேராக அனுப்பினால் டாம்கேட் அதை மறுத்து, 400 என்னும் எண்ணைத் திருப்பும். உலாவிகள் தாமே விரித்து அனுப்பிவிடுகின்றன. கையால் எழுதிய சிறு நிரல்களே இதில் தவறுகின்றன.

பாதுகாப்புக் குறைகள்

சர்வரை மாற்றினால் பாதுகாப்புத் தொல்லைகள் ஒழியும் என்று கருதுவது பிழை. 2023 அக்டோபரில் வெளியான 'விரைவு மீட்பு' என்னும் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். மனுவைக் கொடுத்த மறுகணமே அதைத் திரும்பப் பெற்று, மீண்டும் கொடுத்து, மீண்டும் பெற்று, எழுத்தரை ஓயாமல் அலைக்கழிப்பது போன்றது அது. எச்.டி.டி.பி. இரண்டாம் பதிப்பின் அமைப்பிலேயே இருந்த இவ்விடைவெளியால் டாம்கேட், ஜெட்டி, நெட்டி ஆகிய யாவும் பாதிக்கப்பட்டன; யாவும் திருத்தப் பதிப்புகளை வெளியிட்டன. ஆகவே எந்தச் சர்வர் என்பதைக் காட்டிலும், திருத்தப் பதிப்பு வந்தவுடன் அதை ஏற்று நிரலை மீண்டும் கட்டி வெளியிடும் ஒழுங்கு இருக்கிறதா என்பதே முக்கியம்.

சோதித்துப் பார்த்தல்

மாற்றத்தை மேற்கொள்வோர் கீழ்க்கண்ட முறையைக் கையாளுதல் நலம்.

1. நிரலில் பழைய சர்வரின் பெயரை நேரடியாகக் குறிப்பிடும் இடங்களைத் தேடிப் பட்டியலிட வேண்டும். அவ்விடங்கள் பொது விதியைத் தாண்டிச் சென்றவை. பட்டியல் சிறிதாயின் வேலையும் சிறிது.

2. சர்வரை மாற்றும் வெளியீட்டில் வேறு எதையும் மாற்றலாகாது. புதிய வசதியும் புதிய சர்வரும் ஒன்றாகச் சென்றால், குறை எதனால் வந்தது என்று கண்டறிய இயலாது.

3. இழை எண்ணிக்கை, படிவ வரம்பு, காத்திருக்கும் கால அளவு ஆகியவற்றை இயல்பான அமைப்புக்கு விட்டுவிடாமல், எண்ணால் எழுதி வைக்க வேண்டும்.

4. சோதனையில் நீண்ட தமிழ் அறிக்கை, முகவரியில் தமிழ் ஊர்ப்பெயர், வேகம் குறைந்த இணைப்பு ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். பெங்களூருவின் விரைவு இணைப்பில் தோன்றாத குறை, மலைக் கிராமத்தில் தோன்றும்.

5. பழைய சர்வரையும் புதியதையும் சில நாட்கள் அருகருகே ஓடவிட்டு, முதலில் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கைப் புதியதற்கு அனுப்பிப் பார்க்கலாம். குறை கண்டால் உடனே பழையதற்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

சேவையைப் பயன்படுத்தும் களப்பணியாளரும் ஆசிரியரும் இப்பணியில் பங்கு கொள்ள முடியும். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் தெரிவிப்பதைவிட, எந்த நாள், எந்த நேரம், எதை எழுதி அனுப்பினோம், திரையில் தோன்றிய எண் யாது என்று குறித்து அனுப்பினால், குறையைக் கண்டறிவது பன்மடங்கு எளிதாகும். 400 என்றால் கோரிக்கையின் வடிவத்தைச் சர்வர் ஏற்கவில்லை என்று பொருள். 413 என்றால் அளவு மிகுந்தது. 503 என்றால் அப்போது சேவை அளிக்க இயலாத நிலை. இந்த எண்கள் எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவானவை. அவையும் ஓர் ஒப்பந்தமே.

வகுப்பறையில் ஆசிரியர் இக்கருத்தைத் திருகாணியையும் மரையையும் கொண்டே விளக்கலாம். ஓர் ஊரில் செய்த மரை மற்றோர் ஊரில் செய்த திருகாணியில் பொருந்துவது, இருவரும் ஒரே அளவுவிதியைப் பின்பற்றுவதால்தான். மென்பொருளிலும் அவ்வாறே. பொது விதியை நம்பிக் கட்டியதை எந்நாளும் பிரித்துப் பூட்டலாம். ஒரு குறிப்பிட்ட சர்வரின் வழக்கத்தை நம்பிக் கட்டியது, அச்சர்வரின் ஆயுளோடு கட்டுண்டு கிடக்கும். விதி எதைக் கூறுகிறது, எதைக் கூறாமல் விடுகிறது என்று அறிந்து, விடுபட்டவற்றை நாமே எழுதி வைத்தால், சர்வர் மாறும் நாளிலும் பாடநூலின் குறியீட்டைக் காட்டும் மாணவனுக்குக் காணொளி தடையின்றிக் கிட்டும்.